டெண்டர்: தமிழில் ஒப்பந்தப்புள்ளி

பாம்பன் கரையில் மீன் வந்து இறங்கியதும் நடப்பது ஏலம். சுற்றி நிற்கிற எல்லார் காதிலும் விலை விழும், ஏறிக்கொண்டே போகும். (ஏலம் என்பதே போர்த்துக்கீசிய 'லெய்லாவ்' தந்த சொல்.) அரசு ஒரு சேவைக்குக் கேட்கிற டெண்டர் இதற்கு நேர் எதிர். விலையை மூடிக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் குறைவாகக் கேட்டவருக்கே வேலை.

இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் லத்தீனின் 'டெண்டெரே', நீட்டு என்று பொருள். நாமும் காசை நீட்டினார் என்கிறோமே, அதே நீட்டல்தான்: இந்த விலைக்கு இந்த வேலையைச் செய்து தருகிறேன் என்று எழுதி நீட்டுவது.

தமிழ்நாட்டு அரசு விளம்பரங்களில் இது ஒப்பந்தப்புள்ளி, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் விலைமனு. புள்ளி என்றால் இங்கே எண், புள்ளிவிவரத்தில் வருகிற அதே புள்ளி.

கட்டில், மெத்தை வாங்க எண் போதும். ஆளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போதுமா? ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில், மனநலம் பாதிக்கப்பட்டு சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தது இந்தக் கரையில்தான்.

மண்டபம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு மருத்துவ முகாம் டெண்டர் படிவம் நிரப்பித் தர உட்கார்ந்தேன். மூன்று ஆண்டு 'விற்றுமுதல்' (டர்ன்ஓவர், ஆண்டில் விற்ற மொத்தத் தொகை) கேட்டிருந்தது. அறக்கட்டளையை நடத்துகிற அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாம எதைத் தம்பி விக்கிறோம்?" என்றார். அப்புறம் முன்வைப்புத்தொகை, டெண்டரோடு பிணையாகக் கட்டுகிற பணம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள்படி மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம், அதாவது 20 லட்ச ரூபாய் வேலைக்கு 1 லட்சம் வரை முன்கூட்டியே முடங்கும், அவர்களுக்கு அதுதான் வேன் டீசலும் நர்ஸ் சம்பளமும். குறு, சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு இருக்கிறது. அதே விலக்கு அறக்கட்டளைக்கும் உண்டு என்று டெண்டர் அறிவிப்பிலேயே தெளிவாகப் போடலாம்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 1 முதல் மருத்துவச் சேவைகளுக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் போட்டி டெண்டர் கட்டாயமில்லை, விலையோடு தரம், சேவை எல்லாரையும் எட்டுகிறதா, சமூகப் பயன் என்ன என்பதையும் பார்க்கிறார்கள்.

இங்கே முதலில் அந்த ஒரு சொல்லை மாற்றட்டும். 'விற்றுமுதல்' இருக்கிற கட்டத்தில் 'ஆண்டு வரவு செலவு' என்று இருந்தால் அக்கா எழுதிவிடுவார். தணிக்கை செய்த கணக்கு அவர் பீரோவில் ஆண்டு வாரியாக இருக்கிறது.