தத்தெடுப்பு: வீட்டாய்வுக்கு உங்கள் வீடு தயாரா?

ஆதரவற்ற, கைவிடப்பட்ட, அல்லது பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையை இந்தியாவில் தத்தெடுக்க, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'காரா' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம். "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறது, பணம் கொடுத்தால் போதும்" என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்.

தம்பதி என்றால் குறைந்தது 2 ஆண்டு மணவாழ்க்கையும் இருவரின் சம்மதமும் வேண்டும். தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனியாக வாழும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டி 85-க்குள் இருக்க வேண்டும், தனி நபருக்கு 40. குழந்தையின் வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். 8 வயதுக்கு மேல் 110, 55. அப்புறம், குழந்தைக்கும் உங்களுக்கும் 25 வயதாவது வித்தியாசம் இருக்க வேண்டும்.

ஆவணங்களை ஏற்றியதும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். இதுதான் வீட்டாய்வு. 60 நாட்களுக்குள் அறிக்கை தயாராக வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கை 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பலர் இதைப் பரீட்சை போல நினைத்துப் பயந்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். தேவையில்லை. சொந்த வீடு இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. வருபவர் கேட்பது வேறு. நீங்கள் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? ராத்திரி பயந்து அழுதால் என்ன செய்வீர்கள்? தத்து எடுத்த விஷயத்தைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வீர்கள்? வீட்டுப் பெரியவர்களிடமும் பேசுவார். மகனும் மருமகளும் முடிவெடுத்துவிட்டார்கள், மாமியாருக்கு இன்னும் மனசு வரவில்லை என்றால் அது பேச்சில் தெரிந்துவிடும். ஏற்கெனவே 5 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். ஆகவே காகிதங்களைத் திரட்டுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். என்னைக் கேட்டால், மொத்தத் தயாரிப்பில் முக்கியமானது இதுதான்.

பிறகு காத்திருப்பு. ஆரோக்கியமான கைக்குழந்தை வேண்டுமென்றால் சில ஆண்டுகள்கூட ஆகலாம். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது இறுதிச் சம்மதம் இல்லை, அதனால் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. நேரில் பார்க்கலாம், மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டலாம். ஒப்புக்கொண்டால், இறுதி ஆணை வரும் முன்பே குழந்தை உங்கள் பராமரிப்புக்கு வந்துவிடும். 2022 செப்டம்பர் முதல் அந்த ஆணையைத் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆணை வந்தபின் சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் அது உங்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயர்தான் இருக்கும்.

நிரந்தரமாக இல்லாமல், குடும்பம் தேவைப்படும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ வீட்டில் இடம் தர விரும்பினால் வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். இதில் சட்டப்படி பெற்றோர் உரிமை உங்களுக்கு வராது. ஆனால் 2024 வழிகாட்டுதல்படி, தத்துக்குத் தகுதியான குழந்தை என்றால் 2 ஆண்டு வளர்த்த குடும்பமே தத்தெடுக்கக் கேட்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு இது மிகப் பெரிய நிம்மதி.

தத்தெடுத்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் வரை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். குழந்தை இன்னும் ஒட்டவில்லை, சாப்பிட மறுக்கிறது, பேசவே மாட்டேன் என்கிறது என்றால் அவரிடம் மறைக்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலைதான்.