பச்சை மிட்டாய்க்குத் தனி ருசி உண்டா?

பாரியூர் குண்டம் திருவிழாவில் கால் கிலோ ஆரஞ்சு மிட்டாய் வாங்கினோம். சர்க்கரை ஒட்டிய சுளை மிட்டாய்தான். "பச்சை எலுமிச்சை, மஞ்சள் அன்னாசிங் மாமா" என்றான் அக்கா பையன். "எல்லாம் ஒரே பாகு கண்ணு, சாயந்தான் வேற" என்றார் அம்மா. சில்லறையில் வாங்கியதால் லேபிள் இல்லை. சரி, நாமே சோதித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

துண்டால் அவன் கண்ணைக் கட்டி, மூக்கைப் பொத்தச் சொல்லி, ஒரு பச்சை மிட்டாயை வாயில் போட்டேன். "இனிப்பு, கொஞ்சம் புளிப்பு" என்றான். என்ன பழம் என்று தெரியவில்லை. மூக்கிலிருந்து கையை எடுத்ததுமே "ஆரஞ்சு!" என்று கத்தினான்.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் ருசி) ஆகியவைதான். பழத்தின் அடையாளம் மணத்தில் இருக்கிறது. மெல்லும்போது எழும் மணம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பொத்தினால் அந்தக் காற்றோட்டம் நின்றுவிடும். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் இரண்டின் எண்ணெயிலும் அதிகம் இருப்பது லிமோனீன் என்ற மணப்பொருள்தான். எலுமிச்சையைத் தனியாகக் காட்டிக்கொடுப்பது சிட்ரால் என்ற இன்னொரு பொருள்.

அப்புறம் ஏன் பச்சை அவனுக்கு எலுமிச்சையாக இருந்தது? கண் முந்திக்கொள்கிறது. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அப்படியென்றால் ஒன்பது வயதுப் பையனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரு மிட்டாயை வைத்து முடிவுகட்டக் கூடாது. உணவுத் துறையில் செய்கிற முக்கோணச் சோதனையைச் செய்தோம். கண் கட்டியபடியே மூன்று மிட்டாய், இரண்டு ஒரே நிறம், ஒன்று வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும், ஆறு சுற்றில் சராசரியாக இரண்டு. ஐந்தோ ஆறோ சரியாக வருவதற்கு 729க்கு 13தான் வாய்ப்பு. அதனால் ஐந்து சரியென்றால் அவன் பக்கம் சாய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்றினால் சோதனையே வீண்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஆறு சுற்று. இரண்டுதான் சரி. அவன் நாக்குக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் மட்டுமே இந்தப் பதில் பொருந்தும். வேறு கடையில் நிறத்துக்கொரு எசன்ஸ் ஊற்றியிருக்கலாம். சிவப்பை அவன் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். அதற்கு இன்னும் ஆறு சுற்று பாக்கி.