அழித்தாலும் காலியாகாத டிஸ்க்

கோடம்பாக்கத்தில் வீடியோ எடிட்டிங் செய்யும் வாசகர் கேட்டிருக்கிறார்: "சார், என் லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஆபீஸ் சர்வரில் இருந்த 200 ஜிபி கல்யாண வீடியோவை அழித்தேன். ஃபோல்டர் காலி. ஆனால் டிஸ்க்கில் காலி இடம் ஒரு ஜிபி கூடக் கூடவில்லை. வைரஸா?"

வைரஸ் இல்லை. சர்வரில் தனியாகக் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பேருக்குத்தான் இந்தக் கட்டுரை.

லினக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. பெயர் ஃபோல்டரில் இருக்கிறது. அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோட் என்ற பதிவில் இருக்கிறது. ஐநோட்டுக்குத் தன் பெயர் தெரியாது! எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். கோப்பை அழிக்கும் உத்தரவின் பெயரே 'அன்லிங்க்'. முடிச்சை அவிழ்க்கிறது, அவ்வளவுதான்.

எழும்பூர் கன்னிமாரா போன்ற ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து ஒரு புத்தகத்தின் அட்டையைக் கிழித்துவிட்டார்கள். இனி யாரும் அதைத் தேடி எடுக்க முடியாது. ஆனால் மேசையில் ஒருவர் அதை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் மூடிவைத்து எழும்வரை புத்தகத்தைக் கழிக்க மாட்டார்கள். லினக்ஸுக்கும் இதே நாகரிகம் உண்டு: பெயர் எண்ணிக்கை பூஜ்யமாகி, கடைசி நிரலும் கோப்பை மூடினால்தான் இடம் விடுபடும்.

சரி, படிப்பவர் வேறு கட்டடத்தில் இருந்தால்? அதாவது, கோப்பு சர்வரிலும் அதைத் திறந்த நிரல் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருந்தால்?

இங்கேதான் எனக்குப் பிடித்த திருட்டுத்தனம். சர்வரில் இருக்கும் கோப்புகளை நெட்வொர்க் வழியாக நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பதுபோலப் பயன்படுத்த, 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது என்எஃப்எஸ் முறை. அதன் பழைய பதிப்புகளில், யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது. அழி என்றால் உடனே அழித்துவிடும். அதனால் உங்கள் கம்ப்யூட்டர் ஒரு பொய் சொல்கிறது. தன்னிடம் திறந்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், அதை அழிக்காமல் '.என்எஃப்எஸ்' (.nfs) என்று தொடங்கும் பெயருக்கு மாற்றிவிடுகிறது. முன்னால் புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. மென்பொருள் கோப்பை மூடியதும் சத்தமில்லாமல் உண்மையாகவே அழித்துவிடும். பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'சில்லி ரீநேம்', அசட்டுப் பெயர்மாற்றம். எனக்கென்னவோ இதில் அசட்டுத்தனத்தைவிடச் சாமர்த்தியம்தான் தெரிகிறது.

ஆக, உங்கள் எடிட்டிங் மென்பொருள் பின்னணியில் அந்த வீடியோவை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை மூடிப் பாருங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும்' என்பது ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பது போன்ற நம்பிக்கை இல்லை, அதற்குக் காரணம் உண்டு: எல்லா நிரல்களும் மூடப்படுகின்றன. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரை முறையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கினால், மூடி அழிக்க ஆளில்லாமல் அந்தப் புள்ளிக் கோப்பு சர்வரிலேயே தங்கிவிடும். அப்புறம் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, கையால்தான் அழிக்க வேண்டும்.