ஃபிளாஞ்ச் – உள்விளிம்பு

தொடர்வண்டிச் சக்கரத்தின் உட்பக்கத்தில், தண்டவாளத்தின் மேற்பரப்பைவிடச் சற்றுக் கீழே இறங்கி நிற்கும் வட்டமான புடைப்பே ஃபிளாஞ்ச் எனப்படுகிறது. பக்கம், விலா என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து இது கிளைத்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சுரங்கப் பாதைகள் சிலவற்றில் இப்புடைப்பு சக்கரத்தில் இல்லை. தண்டவாளமே ‘ட’ வடிவில் மடிந்து, புடைப்பற்ற சக்கரம் பக்கவாட்டில் விலகாமல் தடுத்தது. பின்னரே அது சக்கரத்துக்கு இடம் மாறியது.

தமிழில் இதை வெறுமனே ‘விளிம்பு’ என்று எழுதுவது குழப்பம் தரும். சக்கரத்தின் வெளிச்சுற்றையும் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். குடம், ஆரக்கால், வட்டை என மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்த தமிழில் இதற்குப் பழம்பெயர் இல்லாததற்குக் காரணம், மண்பாதையில் உருளும் சக்கரத்துக்கு இவ்வுறுப்பு தேவைப்படவில்லை என்பதே.

‘வழிகாட்டு விளிம்பு’ எனலாமே என்று தோன்றும். அதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் நேர்ப்பாதையில் வண்டிக்கு வழிகாட்டுவது இப்புடைப்பன்று. சக்கரத்தின் உருளும் பரப்பு தட்டையாக இராமல், மரபாக 20க்கு 1 என்ற சரிவில் கூம்பு வடிவில் கடையப்பட்டிருக்கிறது. உட்பக்கம் செல்லச் செல்ல விட்டம் கூடும். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால், அச்சு ஒருபுறம் விலகினால் அப்பக்கச் சக்கரம் பெரிய விட்டத்திலும் மறுபக்கச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருண்டு, அச்சைத் தானாகவே நடுவுக்குத் திருப்புகின்றன. சீரான வளைவுகளையும் வண்டி இவ்வாறே கடக்கிறது. இத்தனையும் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும், ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ. அளவேயான தொடுபரப்பின் வழியாகவே நிகழ்கிறது.

கூர்மையான வளைவிலும் பாதை பிரியும் இடத்திலும்தான் புடைப்பு தண்டவாளத்தின் உள்முனையை உரசுகிறது; வளைவில் எழும் கிறீச்சொலிக்கு அவ்வுரசலும் ஒரு காரணம். பக்கவாட்டு விசை, சக்கரத்தை அழுத்தும் எடையோடு ஒப்பிட அளவுமீறிப் போனால், புடைப்பு தண்டவாளத்தின்மேல் ஏறி வண்டி தடம் புரளக்கூடும்.

ஆகவே செயலைக் கொண்டன்றி, இருக்கும் இடத்தைக் கொண்டு ‘உள்விளிம்பு’ எனப் பெயரிடுவதே பொருத்தம் என்பது என் துணிபு. ‘உள்விளிம்புத் தேய்மானம்’, ‘உள்விளிம்பு உயரம்’ என்று தொடர்களும் இயல்பாக அமைகின்றன. குழாய்களைப் பொருத்தும் ஃபிளாஞ்சுக்கு இச்சொல் பொருந்தாது. அதனை ‘இணைப்பு விளிம்பு’ எனலாம்.