10 ஜி-யில் ஒரு மூச்சு: பந்தயத்துக்கு முன் விமானியின் உடம்பு

விமானப் பந்தயத்தில் பார்ப்பவர் கண்ணில் படுவது விமானம் மட்டும்தான். அதன் நிறம், காதைப் பிளக்கும் இரைச்சல், கம்பத்தை உரசிவிடுமோ என்று பதறவைத்துச் சாய்ந்து திரும்பும் அந்த ஒரு நொடி. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உடம்பு அந்த நொடியில் என்ன பாடுபடுகிறது என்பது வெளியே தெரியாது. விமான மருத்துவம் பார்க்கும் எனக்கு அதுதான் அன்றாட வேலை. சாகசப் பறத்தலிலும் பந்தயத்திலும் இறங்குகிறவர்களைப் பரிசோதித்து, பறக்கலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். இந்த விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். இதில் வருகிறவர்கள் பத்திரமாக இறங்கி வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1909 ஆகஸ்டில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் கார்டன் பென்னட் கோப்பைக்கான பந்தயம் நடந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து உலகப் புகழ் பெற்றிருந்தார் லூயி ப்ளேரியோ. அவரைச் சில நொடி வித்தியாசத்தில் முந்திக் கோப்பையை வாங்கினார் அமெரிக்கரான க்ளென் கர்ட்டிஸ். அவருடைய வேகம் மணிக்கு 75 கி.மீ. அளவில்தான் இருந்தது. 1931-ல் ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரீன் எஸ்.6பி கடல் விமானம், அதே மாதத்தில் மணிக்கு 650 கி.மீ.யைத் தாண்டி உலகச் சாதனை படைத்தது. அமெரிக்காவின் ரீனோவில் 1964 முதல் 2023 வரை நடந்த பந்தயங்களில், முடுக்கிவிடப்பட்ட பழைய போர் விமானங்கள் 800 கி.மீ. வேகத்தையும் தொட்டன. வேகம் பத்து மடங்கு ஏறிவிட்டது. இதயம் தலைக்கு ரத்தம் ஏற்றும் விதமோ 1909-ல் இருந்தபடியே இருக்கிறது. நான் சொல்ல வருவது எல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பந்தயங்கள் பல வகை. ரீனோ போன்ற இடங்களில் தரையில் நட்ட கம்பங்களைச் சுற்றிப் பல விமானங்கள் ஒன்றாகப் பறக்கும். அதில் ஃபார்முலா ஒன் பிரிவு விமானங்கள் மிகச் சிறியவை. 100 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஓ-200 இன்ஜின்தான், ஆனாலும் மணிக்கு 400 கி.மீ.க்குப் பக்கத்தில் பறக்கும். ஓடுபாதையில் எட்டு விமானங்கள் வரிசையாக நின்று, கொடி இறங்கியதும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஏறத்தாழ 5 கி.மீ. சுற்றுப்பாதையை 8 முறை சுற்ற வேண்டும். இன்னொரு வகை, 2003 முதல் 2019 வரை நடந்த ரெட் புல் ஏர் ரேஸ் மாதிரியானது. காற்று நிரப்பிய 25 மீட்டர் உயரக் கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொருவராகப் புகுந்து வர வேண்டும், எதிரி கடிகாரம்தான். முதல் வகையில் 3 அல்லது 4 ஜி, ஒவ்வொரு முனையிலும் திரும்பத் திரும்ப வந்து உடம்பைத் தேய்க்கும். இரண்டாவதில் ஒரே இழுப்பில் 10 ஜி வரை ஏறும்.

ஜி என்றால் நம் எடையின் மடங்கு, அவ்வளவுதான். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினாலே 2 ஜி. ஏறத்தாழ 76 டிகிரி சாய்ந்தால் 4 ஜி. 8 ஜி-யில், தலைக்கவசத்தோடு 6 கிலோ இருக்கும் தலை கழுத்தின்மேல் 48 கிலோவாக உட்காரும். அந்த நேரத்தில் பக்கத்து விமானம் எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் கழுத்துவலியோடு என்னிடம் வருகிறார்கள். திருப்புவதைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஜி ஏறியபின் தலை அசையக் கூடாது.

கழுத்தைவிடப் பெரிய கவலை ரத்தம். உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்கும் மூளைக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 30 செ.மீ. அந்த உயரத்துக்கு ரத்தத்தைத் தள்ள, ஒவ்வொரு ஜி-க்கும் ஏறத்தாழ 22 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. இதயத்தின் மட்டத்தில் 120 இருக்கிறது என்றால், சாதாரணமாக உட்கார்ந்திருக்கையில் தலைக்கு 98 போய்ச் சேரும். 5 ஜி-யில் 110 செலவாகிவிட, மிஞ்சுவது வெறும் 10. கண்ணுக்குள்ளேயே 15 முதல் 20 வரை அழுத்தம் இருப்பதால், ரத்தம் முதலில் நுழைய மறுப்பது விழித்திரைக்குள்தான். நிறங்கள் மங்கிச் சாம்பலாகும், பக்கப் பார்வை சுருங்கும், பிறகு கண் முழுவதும் இருட்டும். நினைவு மட்டும் இன்னும் இருக்கும். அதற்கும் மேல் இழுத்தால் நினைவும் போய்விடும்.

எந்த முயற்சியும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த எல்லை பொதுவாக 4 முதல் 5 ஜி. இதை உயர்த்தத்தான் பயிற்சி. கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு என்று கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும், பற்பசைக் குழாயை அடியிலிருந்து அமுக்குவது போல. அதோடு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, அடைத்த தொண்டைக்கு எதிராக அமுக்க வேண்டும். மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று கொஞ்சம் விட்டு, சட்டென்று இழுத்து, மறுபடி அடைக்க வேண்டும். மூன்று நொடிக்கு மேல் அடைத்து வைத்தால் நெஞ்சுக்குத் திரும்பி வரும் ரத்தம் தடைபட்டு, உதவி உபத்திரவமாகிவிடும். முக்கியமாக, ஜி ஏறுவதற்கு முன்பே கால் இறுகியிருக்க வேண்டும். ஏறியபின் தொடங்குவது தாமதம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "கண் இருட்டத் தொடங்கியதும் கொஞ்சம் தளர்த்திவிடுவேன் டாக்டர்" என்பார்கள். மெதுவாக ஜி ஏறும்போது அது சரி. பந்தயத்தில் ஒரு நொடிக்குள் பல ஜி ஏறிவிடும். ரத்தம் நின்ற பிறகும் மூளையிடம் நான்கைந்து நொடிக்கான ஆக்சிஜன் கையிருப்பு இருக்கும். அது தீர்ந்ததும், கண் இருட்டும் எச்சரிக்கையே இல்லாமல் ஆள் மயங்கலாம். மயக்கம் சராசரியாக 12 நொடி நீடிக்கும். கண் திறந்த பிறகும், எங்கே இருக்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்று புரிய ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். பந்தய விமானம் பறக்கும் உயரத்தில் அவ்வளவு நொடிகள் கிடையாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளை உட்காரவைத்துச் சுழற்றித் தரையிலேயே ஜி-யை உண்டாக்கும் மையவிலக்குச் சுழலியில் மயங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாங்கள் மயங்கியதே நினைவில் இருப்பதில்லை. படத்தைப் போட்டுக் காட்டினாலும் நம்பமாட்டார்கள். ஆகவே "எனக்கு இதுவரை மயக்கம் வந்ததில்லை" என்ற வாக்குமூலத்துக்கு மருத்துவ மதிப்பு குறைவு. காக்பிட்டில் முகத்தைப் பார்த்து ஒரு கேமரா வையுங்கள், இறங்கியதும் இன்னொருவரோடு உட்கார்ந்து பாருங்கள் என்று ஒவ்வொரு பந்தய விமானியிடமும் கேட்டுக்கொள்கிறேன். கண் சொருகுவதும் தாடை தொங்குவதும் படத்தில் தெரிந்துவிடும்.

இயந்திரக் கோளாறும் உடம்பின் எல்லையும் ஒரே நொடியில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு ரீனோவில் இரண்டு நிகழ்வுகள் உண்டு. 1998-ல் பாப் ஹன்னா ஓட்டிய 'வூடூ' என்ற பி-51 மஸ்டாங் ரகப் பழைய போர் விமானத்தின் வாலில் இருந்த ட்ரிம் டேப் எனும் சிறு மடல் பிய்ந்துபோனது. விமானம் தானாகவே 10 ஜி-க்கு மேல் மூக்கைத் தூக்கியது. அவர் மயங்கினார். வேகம் உயரமாக மாறியதால் விமானம் மேலே போய்விட, பல ஆயிரம் அடி உயரத்தில் கண் விழித்துப் பத்திரமாக இறங்கினார். 2011 செப்டம்பர் 16 அன்று 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங்குக்கும் அதே மடல்தான் உடைந்தது. இம்முறை 17 ஜி-க்கு மேல். விமானி ஜிம்மி லீவர்டு உடனே செயலிழந்தார், விமானம் பார்வையாளர் இருக்கைகளுக்கு முன்னால் விழுந்தது. அவரோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த காரணத்தை நான் விமானிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். மடலைப் பிடித்திருந்த திருகுகளைத் தளராமல் பூட்டிவைக்கும் லாக்நட்டுகள் பழையவை, மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்டவை. உள்ளே இருக்கும் பிடிமான வளையம் தேய்ந்து திருகு தளர, வேகத்தில் மடல் படபடக்கத் தொடங்கி முறிந்தது. வேகத்துக்காகச் செய்த பெரிய மாற்றங்களும் முறையாகச் சோதித்துப் பார்க்கப்படவில்லை. அதன்பின் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தந்த பரிந்துரைகளில் விமானிகளுக்கான ஜி பயிற்சியும் ஒன்று. 17 ஜி-யை எந்தப் பயிற்சியாலும் தாங்க முடியாது, அது வேறு விஷயம். ஆனால் விமானத்தின் நட்டையும் விமானியின் உடம்பையும் ஒரே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பது அன்று எழுத்தில் வந்தது.

சரி, தயாரிப்பு. பந்தயம் தொடங்குவதற்கு முன் ஹேங்கருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். விமானி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வலது உள்ளங்கை விமானம். முதல் கூம்பு, கை சாயும், இடுப்பும் கூடவே சாயும், இரண்டு எட்டு வைப்பார், கை நிமிரும், அடுத்த கூம்பு. பாதை முழுவதையும் உடம்பாலேயே நடந்து முடிப்பார். அந்த நேரத்தில் நான் பார்ப்பது கையை அல்ல, மூச்சை. பெரும்பாலோர் பாதையை அச்சுப் பிசகாமல் நடப்பார்கள், மூச்சு மட்டும் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் காலை இறுக்குவது, எந்த இடத்தில் அடைப்பது, எங்கே விட்டு இழுப்பது என்பதையும் சேர்த்தே நடந்து பழகுங்கள் என்பேன். சேர்த்துப் பழகியவர்களுக்கு மேலே போனதும் அது யோசிக்காமல் வருகிறது.

உடற்பயிற்சியில் கால், பிட்டம், வயிறு, முதுகு, கழுத்து ஆகியவற்றின் பலம்தான் முதலிடம். ஓட்டம் அளவோடு போதும், மாரத்தான் உடம்பு இதற்குத் தேவையில்லை. இருக்கையைச் சாய்த்து அமைப்பதும் உதவும், இதயத்துக்கும் தலைக்கும் உள்ள உயரம் குறையும். தண்ணீரின் மேல் பந்தயம் என்றால் மூழ்கிய காக்பிட்டிலிருந்து வெளியேறும் பயிற்சியும் வேண்டும். 2010-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஸ்வான் ஆற்றில் விமானத்தோடு விழுந்த பந்தய விமானி அடில்சன் கிண்டில்மன் உயிர்பிழைத்ததில், தயாராகக் காத்திருந்த மீட்புக் குழுவின் பங்கு பெரிது.

பரிசோதனை அறையில் நான் அதிக நேரம் செலவிடுவது இவற்றில் எதிலும் இல்லை. கேள்விகளில்தான். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா. ஜி-யைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுவது மட்டுமில்லை, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். பந்தய விமானத்தில் காற்றுத் தடையைக் குறைக்க இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடுவார்கள், மேலே கண்ணாடிக் கூரை, முன்னால் இன்ஜின். வெயிலில் வரிசையில் காத்திருக்கும்போதே வியர்த்துக் கொட்டும். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் கன அளவு குறையும், நேற்று தாங்கிய 6 ஜி இன்று தாங்காது. முந்தைய இரவு குடித்த மதுவும், வெறும் வயிறும், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். மூக்கடைப்போடு பறந்தால் காதும் நெற்றியும் தனியாகத் தண்டிக்கும்.

பந்தய நாளின் பரபரப்பு இவற்றை எல்லாம் மறைத்துவிடுகிறது. அட்ரினலின் ஏறிய உடம்பில் சோர்வு தெரியாது, லேசான காய்ச்சல்கூடத் தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வருவதில்லை, உண்மையாகவே நன்றாக இருப்பதாகத்தான் உணர்கிறார்கள். அதனால்தான் "எப்படி இருக்கிறீர்கள்" என்று நான் கேட்பதில்லை. மணி, அளவு, மாத்திரையின் பெயர் என்று கேட்கிறேன். அணியில் இருப்பவர்களும், வீட்டில் இருப்பவர்களும் இதையே கேட்கலாம். ஒரு சுற்றை விட்டுக்கொடுத்தவரைக் கோழை என்று பேசும் அணியில், அடுத்தவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

பந்தயம் முடிந்து கொடி விழுந்த பிறகும் கவனம் வேண்டும். ரீனோவின் கடைசிப் போட்டி நாளான 2023 செப்டம்பர் 17 அன்று, டி-6 எனும் பழைய பயிற்சி விமானங்களின் பிரிவுப் பந்தயம் முடிந்து தரையிறங்கும்போது இரண்டு விமானங்கள் மோதி, இரு விமானிகளும் இறந்தார்கள். அதன் காரணத்தை நான் இங்கே அலசவில்லை. ஆனால் போட்டி முடிந்ததும் உடம்பு சட்டென்று தளர்வதை மருத்துவராக நான் அறிவேன். ஆகவே தரையிறங்கும் சுற்றையும் அந்த நடைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இத்துறைக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள் சாகசப் பறத்தல் ஆசிரியரோடு, போதிய உயரத்தில், குறைந்த ஜி-யில் தொடங்குங்கள். சில வாரம் பறக்காமல் இருந்தால் பழகிய தாங்கும் திறன் குறைந்துவிடும், முன்பு எட்டிய அளவுக்கு முதல் நாளே போகாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து எழுந்தவர்கள், சாப்பாடும் தூக்கமும் சரியான பிறகும் மருத்துவரைப் பார்த்துவிட்டே காக்பிட்டில் ஏறுங்கள். அன்று முதல் சுற்றில் 3 ஜி போதும். கண் தெளிவாக இருக்கிறதா, கால் இறுக்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.