"ஒண்ணும் பண்ணாது சார்" என்றால் போதுமா? நாய் வளர்ப்பவருக்குச் சட்டம் சொல்வது

பூங்காவிலோ அபார்ட்மெண்ட் லிஃப்டிலோ யாராவது நாயைப் பார்த்து ஒதுங்கினால், நாயைப் பிடித்திருப்பவர் சொல்லும் முதல் வார்த்தை "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரு நாள் ஏதாவது ஆகி விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், உங்கள் நாய் எவ்வளவு சாது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை, அது ஆபத்தாக மாறாமல் இருக்க நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 291-ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 289) விலங்கு வைத்திருப்பவருக்கானது. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் ஏற்படும் அளவுக்கோ ஆபத்து வர வாய்ப்பிருந்தும், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாகவோ செய்யாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாயோடு நின்றுவிடும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான், ஆனால் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

இந்தப் பிரிவில் 'கடி' என்ற சொல்லே கிடையாது, நாயின் இனமும் கிடையாது. பிட்புல்லும் ராட்வீலரும் செய்தியில் அடிபடுவதால் லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 30 கிலோ லாப்ரடார் ஒன்று ஆசையாகத் தாவியதில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், நாய் விளையாடத்தான் வந்தது என்பதால் அது சாதாரணக் காயமாகிவிடாது. அப்படிப்பட்ட இடத்தில் 125-ஆவது பிரிவும் சேரலாம்: அஜாக்கிரதையால் மற்றவர் பாதுகாப்புக்குப் பங்கம் விளைவிப்பது. காயமே ஆகாவிட்டாலும் அதற்கு 3 மாதம் வரை சிறை உண்டு, காயம் பட்டால் 6 மாதம் வரை, கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை. உயிரே போய்விட்டால் 106-ஆவது பிரிவு, 5 ஆண்டு வரை போகும்.

நம் ஊர் நாய்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜபாளையமும் கோம்பையும் அந்நியரை நம்பாத குணத்துக்காகவே காலங்காலமாக வளர்க்கப்பட்டவை. பண்ணை வீட்டில் அது நல்ல குணம். தி.நகர் நடைபாதையில் அதே குணத்தைக் கையில் கயிறு இல்லாமல் நடத்திக்கொண்டு போவது சரியில்லை.

'தன் வசம்' என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாய்க்கான உரிமம் யார் பேரில் இருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, அந்த நேரத்தில் நாய் யார் கையில் இருந்தது என்பதும் வரும். வேலைக்கு வரும் அக்கா, டிரைவர், பள்ளிவிட்டு வந்த பையன் என்று யார் கையிலாவது கயிற்றைக் கொடுத்து அனுப்புகிறோம், இழுத்தால் அவர்களால் பிடித்து நிறுத்த முடியுமா என்று பார்ப்பதில்லை. ஏதாவது நடந்தால் கூலிக்கு நாயைக் கூட்டிப்போனவரும் மாட்டுவார், பிடிக்கத் தெரியாதவரிடம் கொடுத்தனுப்பியதற்காக நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், இழுக்கும் நாயைப் பிடித்து நிறுத்தும் பலம் இல்லாத யாரிடமும் அதைத் தெருவுக்கு அனுப்பக்கூடாது, அது வீட்டுப் பெரியவராக இருந்தாலும்.

சரி, சென்னைக்கு வருவோம். 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவிலேயே 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின, உரிமையாளர் கைதானார். உரிமம் என்று ஒன்று இருப்பதே அதற்கப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் ஜாஃபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அதிலிருந்து மாநகராட்சி பிடியை இறுக்கியது. இப்போது செல்லநாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சிப்) கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். பொது இடத்தில் கழுத்துப்பட்டையும் கயிறும் இல்லாமல் கூட்டிப்போனால் அதற்குத் தனி அபராதம். ஆக்ரோஷமான இனமென்றால் வாய்மூடியும் போட வேண்டும். 2025 டிசம்பரில் மாநகராட்சி மன்றம் இன்னொரு படி மேலே போய், பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிமேல் புதிய உரிமம் இல்லை என்று தீர்மானம் போட்டது.

இதைச் சொன்னதும் "கோர்ட்டுதான் தடையை ரத்து பண்ணிடுச்சே" என்று யாராவது வருவார்கள். அது வேறு கதை. 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, யாரையும் கலந்து பேசாமல் போட்டது என்பதால் ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சுற்றறிக்கை விழுந்ததால் மாநகராட்சி விதியோ 291-ஆவது பிரிவோ கூடவே விழுந்துவிடவில்லை.

உரிமம் எடுப்பது உண்மையில் கஷ்டமே இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நாயின் படம், ரேபிஸ் தடுப்பூசி போட்ட சான்றிதழ் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய், டீயும் வடையும் சாப்பிடும் காசு. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தடுப்பூசிக்கும் சிப்புக்கும் திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை ஆகிய இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் மாறும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டும் உரிமையாளர் பொறுப்பு என்பது மட்டும் 2023-இல் வந்த மத்திய அரசின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே இருப்பதால் நாடு முழுக்க ஒன்றுதான்.

நாய் வைத்திருப்பவர்கள் பக்கமும் சட்டம் நிற்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு "இங்கே நாய் வளர்க்கக்கூடாது" என்று தீர்மானம் போட முடியாது. நாயோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்பதோ, நாய் வைத்திருப்பவரிடம் அதற்காகக் கூடுதல் கட்டணம் வசூலிப்பதோ கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குரைக்கிறது என்பதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. கோபத்தில் நாய்க்கு விஷம் வைப்பது, அடித்து முடமாக்குவது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குப் போகும் குற்றம். ஆனால் லிஃப்டில் ஏற உரிமை இருப்பதால் உள்ளே ஏற்கெனவே நிற்பவர் மேல் நாய் மோப்பம் பிடிக்கவும் உரிமை இருக்கிறது என்று ஆகாது. கயிற்றைக் குட்டையாகப் பிடித்து மூலையில் நிறுத்துங்கள், உள்ளே குழந்தையோ பயந்தவரோ இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். இழுக்க இழுக்க நீளும் ரகக் கயிறு திறந்தவெளிக்குச் சரி, நெரிசலான தெருவில் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

பிரச்சினைக்குப் பயந்து நாயை நாள் முழுக்கக் கட்டியே வைப்பவர்களும் உண்டு. அதுவும் குற்றம்தான். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, எப்போதும் கட்டிப்போட்ட நாயை நடக்க ஓட விடாமல் வைத்திருப்பதைக் கொடுமை என்றே சொல்கிறது. கொண்டுபோய்க் கண்காணாத இடத்தில் விட்டுவிட்டு வருவதும் அதே பிரிவில் வரும். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பது அந்தச் சட்டத்தின் வயதைக் காட்டுகிறது. நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய்தான் வெளியே வந்ததும் தலைகால் புரியாமல் பாயும் என்பது நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

கடி நடந்துவிட்டால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம் நேராக அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆவது நாட்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்க, காயத்தில் போடும் தனி மருந்து) வேண்டும், டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்று உரிமையாளர் சொல்வதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு நாயை 10 நாள் கவனிப்பதுதான் முறை, அது நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார்.

உரிமையாளராக இருந்தால் அங்கிருந்து நழுவாதீர்கள். தடுப்பூசிச் சான்றிதழின் படம், உங்கள் செல்போன் எண் இரண்டையும் கொடுங்கள், அந்த 10 நாளும் நாயை எங்கும் அனுப்பாமல் வீட்டில் வையுங்கள். "நீங்கதான் ஓடுனீங்க, அதான் துரத்துச்சு" என்ற வாக்குவாதம் எதற்கும் உதவாது, தெருவில் குழந்தைகள் ஓடத்தான் செய்யும். கல்லால் அடித்தார், வாலைப் பிடித்து இழுத்தார் என்றால் அது வேறு, அதைச் சொல்லலாம், சாட்சியோ கேமரா பதிவோ இருந்தால்.

கடிபட்டவர் புகார் கொடுக்க நினைத்தால், மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்பதைச் சரியாகச் சொல்லி ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கைகொடுக்கும். காயத்தை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கிடைக்கும், காயத்தின் தன்மையைப் பொறுத்து எஃப்.ஐ.ஆர். ஆகும். சென்னையில் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் தனியாகப் புகார் சொல்லலாம், உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கிரிமினல் வழக்கில் வரும் அபராதம் பொதுவாக அரசுக்குத்தான் போகும். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம் ஆகியவற்றுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும், அதற்காக பில்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.