அரூப ஓவியத்தில் படகைத் தேடாதீர்கள்

எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் பேசும் அரூப ஓவியத்தின் முன்னால் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது மரமா, கடலா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதில் கிடைத்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. பக்கத்து அட்டையில் 'மழை' என்று எழுதியிருந்தால், "ஓ, மழையா" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அதனால் தலைப்பைக் கடைசியில் படியுங்கள். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஓவியம் அந்நியமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். புன்னையும் நாரையும் கருப்பொருள். இரங்கல் உரிப்பொருள் என்று நெய்தலுக்குப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இயற்கையிலிருந்து பிறக்கும் அரூப ஓவியத்தில் கருப்பொருள் விலகிக்கொள்கிறது. பொழுதின் வெளிச்சமும் அதன் உணர்வும் நிறமாக மிஞ்சுகின்றன. அங்கே படகைத் தேடினால் கிடைக்காது. எந்த நேரத்துக் கடல் என்று யோசித்தால் ஏதாவது பிடிபடும். கேரளத்தின் நிளா ஆற்றங்கரை ஊரில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2022இல் மறைந்த ஓவியர் அச்சுதன் கூடல்லூரின் படங்களை அப்படிப் பார்க்கலாம். தொடக்கத்தில் உருவங்களை வரைந்தவர், பின்னர் அவற்றை விட்டு நிறத்துக்கே வந்து சேர்ந்தார்.

நிறத்தைப் பார்ப்பதில் எல்லோரும் தவறவிடுவது, பக்கத்து நிறம் செய்யும் வேலையை. பாரிஸில் கோப்லேன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அருகில் நெய்த நிறங்கள்தான் காரணம் என்று அவர் கண்டறிந்தார். 1839இல் அதை நூலாகவும் வெளியிட்டார். இதைச் சோதிக்க புதுச்சேரி நல்ல இடம். பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் மஞ்சள் சுவரின் மேல் படர்ந்த காகிதப்பூவையும் வெள்ளைச் சுவரின் மேல் இருக்கும் அதே நிறக் காகிதப்பூவையும் பாருங்கள். மஞ்சளின் அருகில் பூ சற்று ஊதா பக்கம் சாயும். வெள்ளையின் மேல் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். படத்தின் முன்னாலும் இதையே செய்யலாம். படத்தைத் தொடாமல், கண்ணுக்கு அருகே கையை உயர்த்தி ஒரு நிறத்தை மட்டும் மறையுங்கள். மீதி நிறங்கள் சோர்ந்துபோனால், மறைத்த நிறம் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். ஒன்றுமே மாறவில்லையென்றால் அது வெறும் நிரப்பு.

அடுத்து தூரம். படத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிற வேறுபாடுகள் மங்கி, எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பது மட்டும் தெரியும். படத்தின் எலும்புக்கூடு அதுதான். எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் இரண்டில் ஒன்று: ஓவியர் வேண்டுமென்றே அமைதியைக் கொண்டுவந்திருப்பார், அல்லது பளிச்சென்ற நிறங்களை நம்பி அமைப்பைக் கோட்டைவிட்டிருப்பார். பிறகு ஓர் அடி தூரத்துக்கு வந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தூரிகை போன திசை, கத்தியால் இழுத்த தடம், அடியில் ஒளிந்த பழைய நிறம் எல்லாம் அங்கே தெரியும். கேன்வாஸில் அச்சடித்து மேலே ஜெல் பூசி விற்கும் படத்தையும் இங்கேதான் கண்டுபிடிக்கலாம்: ஜெல் மேட்டின் போக்கு ஒரு பக்கம், நிறத்தின் போக்கு இன்னொரு பக்கம் இருக்கும்.

வீட்டில் மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தே பார்க்கும் கூடமென்றால் கொஞ்சம் இறக்கலாம். மலிவான எல்இடி விளக்குகள் பலவற்றில் சிவப்பு செத்துப்போகும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவான சிஆர்ஐ, பெட்டியில் 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. எந்தச் சுவரானாலும் படத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ரப்பர் வில்லை ஒட்டி ஒரு செ.மீ. இடைவெளி விடுங்கள். காற்று போகாவிட்டால் பூஞ்சை பின்பக்கத்திலிருந்தே தொடங்கும். உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு கொக்கியாக வாங்குங்கள். தூசிக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும், ஈரத்துணி வேண்டாம்.

மாட்டியபின் ஒரு மாலை விளக்கைப் போடாமல் அரை மணி நேரம் படத்தின் முன் உட்காருங்கள். வெளிச்சம் குறையக் குறைய கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கும் குச்சி செல்கள் வேலைக்கு வரும். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. பகலில் முன்னால் நின்ற சிவப்பு முதலில் கறுத்துப் பின்வாங்கும், நீலமும் பச்சையும் சாம்பலாக மிதந்து நெடுநேரம் நிற்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியபின் பார்க்கும் அதே மாற்றம்தான் இது.